நைலான் நரம்பில் ஓர் இறால்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலை பல்கூடத் துலக்காமல் இறால் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். முந்தைய மாலைவரை துள்ளித் திரிந்த கூனி இறால்கள் அத்தனையும் வெளுத்துச் சுருண்டு ஜாடியின் அடியில் கிடந்தன.

அவை வெறும் இறால்கள் அல்ல. பட்டாணியின் ஒரு வாரச் சாப்பாடு. பட்டாணி என்பது ஒரு கணவாய்க் குஞ்சு. பல் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அவருடைய மாமியார், பதினொரு முட்டைகளை வாங்கிவந்து, வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி அமைத்துப் பொரிக்கவைத்தவர். பொரிந்தவை நான்கு, பிழைத்தது இது ஒன்றே. அசைகின்ற இரையைத் தவிர வேறெதையும் அது ஏறெடுத்தும் பாராது. மூத்த மகளின் பிரசவத்திற்காக வெளியூர் புறப்பட்டபோது மாமியார் வாசலில் நின்று, "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் மாப்பிள்ளை. ஒருநாள் பட்டினி தாங்கும். ரெண்டு நாள் தாங்காது," என்று சொல்லியிருந்தார்.

இறால்கள் மடிந்த காரணத்தைக் கண்டறிய அதிக நேரம் பிடிக்கவில்லை. நேற்று ஜாடியின் உட்புறத்தில் ஒரு கறை அவர் கண்ணை உறுத்தியது. இருபது ஆண்டுகளாக லென்சு துடைத்துப் பழகிய கை, தன்போக்கில் பையிலிருந்த லென்சு மருந்துத் தெளிப்பானை எடுத்து இரண்டு முறை பீய்ச்சி, துணியால் பளபளவென்று துடைத்துவிட்டது.

அதே துணியைப் பெரிய தொட்டிக்குள்ளும் விட்டாரா? நினைவைக் கசக்கிப் பிழிந்தும் விடை கிடைக்கவில்லை. தொட்டியை நெருங்கினார். அவருடைய நிழல் விழுந்ததுதான் தாமதம்; மணலோடு மணலாகக் கிடந்த பட்டாணி சட்டெனக் கறுத்து, ஒரு சொட்டு மையைக் கக்கிப் பின்னோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் மோதியது. உயிர் இருந்தது. எவ்வளவு நேரத்துக்கு இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டபடி மனைவி வந்தாள்.

"ஜாடிக்குள்ள லென்சு மருந்த அடிச்சுட்டேன்."

"ஏன், இறாலுக்குப் பார்வை மங்கிடுச்சா?" என்று சிரிக்கத் தொடங்கியவள், அவர் முகத்தைக் கண்டு பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். முதல்ல தண்ணிய மாத்துவோம்."

மாமியார் கலக்கிவைத்திருந்த உப்புநீரைக் கொண்டு இருவரும் பாதித் தொட்டியை மாற்றினர். பிறகு அவர் மீன்கடைக்கு ஓடினார்.

"உயிர் இறால் வெள்ளிக்கிழமைதான் சார் வரும்," என்றார் மீன்கடைக்காரர். அன்று செவ்வாய். "ஐஸ்ல உறைஞ்சது இருக்கு. ஆனா குஞ்சு அத மோந்துகூடப் பாக்காது."

மீன்கடைக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. உறைந்த இறால்கள் பட்டாணியின் முன்னால் மூழ்கின. பட்டாணி அவற்றைக் கற்களைக் கடப்பதுபோல் கடந்து சென்றது. மாலையில் மாமியார் தொலைபேசியில், "சாப்பிட்டுச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "நல்லா சாப்பிட்டுச்சு அத்தை," என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கடையில் ஒரு முதியவரின் கண்முன் விரலை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. பட்டாணி உயிரையா பார்க்கிறது? அசைவைத்தானே பார்க்கிறது! பாதிச் சட்டகக் கண்ணாடிகளில் லென்சைப் பிடித்திருக்கும் மெல்லிய நைலான் நரம்பில் ஒரு சாண் நறுக்கிக்கொண்டு, கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வீடு திரும்பினார்.

பட்டாணி ஒரு மூலையில் சாய்ந்து மிதந்தது. அவர் இறால் ஒன்றை நரம்பில் கட்டி, நிழல் விழாதபடி தொட்டியருகே மண்டியிட்டு, கையை மட்டும் உயர்த்தி நீரில் இறக்கினார். அசைக்கவேண்டிய தேவையே எழவில்லை. கை அச்சத்தில் தானாகவே வெடவெடத்தது. செத்த இறால் துடிதுடித்தது. பட்டாணி திரும்பியது. உடலில் கோடுகள் ஓடின. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு நீண்ட கைகள் பாய்ந்து இறாலைக் கவ்வி இழுத்தன.

"பிடிச்சுடுச்சு!" என்று மனைவி கூவினாள்.

அவரோ கூவவில்லை. இறாலோடு சேர்ந்து முடிச்சும் குஞ்சின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இழுத்தால் வாய் கிழியும். விட்டால் நரம்பையும் விழுங்கும். இறுக்கிக் கட்டிய தன் கையை அவர் மனத்துக்குள் சபித்தார். இப்போது அந்தக் கை நடுங்கவே கூடாது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி ஒலித்தது. மனைவி எடுத்து அவர் காதோடு வைத்தாள்.

"என்ன மாப்பிள்ளை, சாப்பிட்டுச்சா?"

"அத்தை... நரம்புல கட்டிக் குடுத்தேன். முடிச்சோட கவ்விடுச்சு." குஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "நேத்து அது சாப்பிடல. நான் பொய் சொன்னேன். இறால் எல்லாத்தையும் நான்தான் கொன்னுட்டேன்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"இழுக்காதீங்க," என்றார் மாமியார் கடைசியில். "தளர்த்தி விடுங்க. ஆனா நுனிய விட்டுடாதீங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"எனக்கெப்படித் தெரியும் மாப்பிள்ளை? நான் இப்படிக் குடுத்ததே இல்லையே!" எதற்கும் அசராத அந்தக் குரலும் நடுங்கியது.

முழங்கால்கள் மரத்தன. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. மனைவி தொலைபேசியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள்.

ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குப் பின் நரம்பு லேசாக மேலெழுந்தது. அவர் அதை மயிரிழை மயிரிழையாக வெளியே எடுத்து, உருப்பெருக்கியில் பார்த்தார். முடிச்சு முழுதாக இருந்தது. அதற்குள் இறாலின் வெறுங்கூடு.

"விட்டுடுச்சு அத்தை."

நீண்ட மூச்சொன்று காதில் விழுந்தது. பிறகு, "காலையில அதுக்கு மறுபடியும் பசிக்கும்," என்றார் மாமியார். "குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க. பொய் சொல்றதுக்கு முன்னாடியும் பண்ணுங்க."

"சரி அத்தை," என்றார் அவர். நரம்பில் இம்முறை ஒரு தளர்ந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தார்.