மதியச் செய்தி

டிஷ்ஷின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து இம்மியளவு இடப்பக்கம் திருப்பிவிட்டு, மூத்தவள் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்ந்து கீழே குரல் கொடுத்தாள்.

"வருதா?"

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "வருது. ஆனா கட்டம் கட்டமா வருது."

மறுபடி போய்ப் பிடித்தாள். வெயிலில் காய்ந்த தகரம் உள்ளங்கையைச் சுட்டது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இப்போது தெளிவாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடு என்று கீழிருந்து குரல் வந்த அதே நேரத்தில் தூரத்தில் இரைச்சல் கிளம்பியது. நிமிர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தாள். சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, அடிவயிறு முழுக்கத் தெரிய, அது தலைக்கு மேலாக இறங்கிப் போயிற்று. கொடியில் கிடந்த அப்பாவின் படுக்கை விரிப்பு படபடத்து அடங்கியது. கீழே தையல்காரம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். விமானம் இறங்கும் வழிக்கு நேர் கீழே கிடந்தது தெரு. பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மனுஷர்கள் நிறுத்திக்கொள்ளலாம், டிவியால் முடியுமா? வானத்திலிருந்து டிஷ்ஷுக்கு வருவதை விமானம் குறுக்கே புகுந்து மறித்துவிட, படம் சில்லுச் சில்லாக உடைந்து உறைந்து நிற்கும். குரல் விக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பார்க்க வந்த மெக்கானிக் டிஷ்ஷைச் சுற்றிச் சுற்றி வந்து, கோளாறு ஒன்றும் இல்லை, ஒன்று வீட்டை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் ஏர்போர்ட்டை நகர்த்த வேண்டும், எது சுலபம் என்று யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். தெருவில் மற்றவர்கள் கேபிளுக்கு மாறிவிட்டார்கள். இந்த வீட்டில் அது முடியாது. அவள் தங்கை சின்னவள் செய்தி வாசிக்கிற சேனல் கேபிளில் வராது.

அப்பாவுக்கு அந்தச் செய்தி வேண்டும்.

அவர் அந்த ஏர்போர்ட்டில்தான் பெட்டிகளை ஏற்றிப்போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த சமயத்தில், கடல் தாண்டி ஒரு ஊரில் சின்னவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது போகாதே என்றார். போனாள். வழியனுப்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனவர், அவள் ஏறிய விமானத்தில் அவள் பெட்டியைத் தன் கையாலேயே ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, ஒருநாள் பிதற்றலோடு பிதற்றலாக மூத்தவளிடம் அதைச் சொன்னார். அம்மா இறந்தபோது சின்னவளால் நேரத்துக்கு வந்துசேர முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. போன் வந்தால் ரிசீவரை எடுத்து மூத்தவள் பக்கம் நீட்டிவிடுவார். அவளோடு பேச மாட்டார். அவள் பேசுவதைக் கேட்காமலும் இருக்க மாட்டார். மதியமானால் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்வார். செய்தி முடிந்ததும் இறக்கச் சொல்வார். நடுவில் வாயைத் திறக்க மாட்டார்.

மூத்தவள் சின்னக் குழந்தைகளின் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அப்பா விழுந்ததும் வேலையை விட்டாள். வந்த வரன்கள் எல்லாம், அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு திரும்பிப் போயின. பிறகு வரன் வருவதும் நின்றுவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. பேசுவதற்கு வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

ஆஸ்பத்திரியில், இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் மூத்தவள் சின்னவளுக்குப் போன் செய்து அதை அப்படியே சொன்னாள்.  இதற்கு முன்னாலும் இப்படித்தான் சொன்னாய், நான் லீவு போட்டு ஓடிவந்தேன், அவர் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் என்றாள் சின்னவள். உண்மைதான்.  மூத்தவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. அப்பா உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஆள்.

அவள் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் செய்தி தொடங்கிவிட்டது. சின்னவள் பச்சைப் புடவையில் இருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். வணக்கம் சொல்லி, தலைப்புச் செய்திகளை வாசித்து, எங்கோ பெருகிய வெள்ளத்தைப் பற்றித் தொடங்கினாள். அப்பா கட்டிலில் தலையணை உயரத்தில், கழுத்தை டிவியின் பக்கம் சாய்த்துக் கிடந்தார். காலையிலிருந்து மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இப்போது கொஞ்சம் சீராக இருப்பதுபோலத் தோன்றியது. கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. மூத்தவள் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்து துடைத்தாள்.

அவருடைய நல்ல கை எழுந்து அவள் இடுப்பில் பட்டது. தள்ளியது.

"நகரு," என்றார். "மறைக்குது."

நகர்ந்துகொண்டாள். துண்டை மடித்துக் கட்டில் கம்பியில் போட்டாள். தையல்காரம்மா ஜன்னலை விட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, உன் தங்கச்சி இளைத்துவிட்டாள் என்று மெல்லச் சொன்னாள். மூத்தவள் ஆமாம் என்றாள். அடுத்த விமானம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சின்னவளின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றது. கன்னத்தில் ஒரு சதுரம் பெயர்ந்து தோளில் போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளத்தில், வெள்ளத்தில் என்று குரல் விக்கிக்கொண்டே இருந்து நின்றுபோயிற்று. இரைச்சல் வீட்டைக் கடந்து ஓடுபாதைப் பக்கம் இறங்கி அடங்க, சின்னவள் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து வேறு ஏதோ செய்தியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

விளம்பரம் வந்தது. அப்பா விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விளம்பரம் பார்க்கிற ஆள் இல்லை. அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். மூத்தவள் திரும்பி அவர் மார்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தையல்காரம்மா எழுந்து வந்து மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். பிறகு கண்களை மூடிவிட்டாள்.

"போயிட்டாரும்மா."

மூத்தவள் தலையை ஆட்டினாள். தையல்காரம்மா டிவியை அணைக்கப் போனபோது மட்டும் கை நீட்டி நிறுத்தினாள்.

"இருக்கட்டும். அவ முடிக்கட்டும்."

பழக்கதோஷத்தில் போனை எடுத்து சின்னவளின் எண்களை அழுத்திவிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. எங்கே இருக்கிறாள், ஏன் அணைத்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் எதிரிலேயே தெரிந்தது. விளம்பரம் முடிந்து சின்னவள் திரையில் திரும்பி வந்திருந்தாள். ஒரு தாளை எடுத்து அடியில் வைத்தாள். கூடத்தில் செத்துக் கிடப்பவரின் மகள், அது தெரியாமல், விளையாட்டுச் செய்திகளுக்கு வந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு. சின்ன வயதில் இந்தச் சிரிப்புக்குத்தான் அப்பா எதையும் வாங்கிக் கொடுப்பார். மூத்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தாள். உலகத்தில் தான் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அவளை இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்க விடுவது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இதிலும் தனக்குக் கிடைத்தது காத்திருக்கிற வேலைதான் என்று தோன்றியது. மழை வருமா வராதா என்பதையும் வாசித்துவிட்டு, சின்னவள் கைகூப்பினாள்.

மீண்டும் போன் போட்டாள். எடுத்தவுடனே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அக்கா கூப்பிடுவதில்லை.

"எப்ப?"

"இப்பத்தான். நீ வாசிச்சிட்டிருக்கும்போது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை. கதவு சாத்தும் ஓசை. 

"என்னைப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"எந்தச் செய்தி வரைக்கும்?"

மூத்தவள் டிவியைப் பார்த்தாள். அதில் யாரோ எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளமா, அதற்கு அடுத்ததா? விமானம் போய்க்கொண்டிருந்தது, படம் நின்றிருந்தது, அவர் எந்த நேரத்தில் நின்றார் என்று யாருக்குத் தெரியும்? தானும் அந்த நேரத்தில் டிவியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை யாருமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"தெரியல," என்றாள். "ப்ளைட் போச்சு."

"ஏதாவது சொன்னாராக்கா?"

நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷம் அள்ளிப் போட்டு, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்த தன்னிடம் கடைசியாக அவர் சொன்னது அந்த இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் சின்னவள் சந்தோஷப்படுவாள். அழுதாலும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள். அவளுக்கான வார்த்தைதான் அது. அவளிடம் சேர்க்க வேண்டியதுதான்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் மூத்தவள்.

சின்னவள் அழத் தொடங்கினாள். சத்தம் வெளியே போகாமல் கையால் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. வருகிறாயா என்று மூத்தவள் கேட்டாள். நாளை மறுநாள்தான் டிக்கெட் கிடைக்கும், அதுவரை வைத்திருப்பாயா என்றாள். இந்த வெயிலில் வைக்க முடியாது என்றாள் இவள். அப்படியானால் வந்துதான் என்ன என்று சின்னவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் வீடு அதிர்ந்தது. வழக்கமாக, இரைச்சல் போனதும் என்ன சொன்னாய் என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை. இரைச்சல் தீர்ந்தபோது அந்தப் பக்கமும் அமைதியாக இருந்தது. வைத்துவிடவா என்று இருவரில் யாரும் கேட்காமலே போன் வைக்கப்பட்டது.

ஆட்கள் வருமுன் தலையை நேராக்கிவிட வேண்டும், இறுகிப்போனால் திரும்பாது என்றாள் தையல்காரம்மா. மூத்தவள் இரண்டு கைகளாலும் அப்பாவின் முகத்தைப் பிடித்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தாள். கையை எடுத்ததும் அது பழையபடி அந்தப் பக்கமே சாய்ந்தது. மறுபடி திருப்பினாள். மறுபடி சாய்ந்தது. தையல்காரம்மா ஒரு போர்வையைச் சுருட்டி அந்தக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்தாள். நின்றது.

நீ போய்க் குளித்துவிட்டு வா, இதற்கப்புறம் உட்காரக்கூட நேரம் இருக்காது, நான் இருக்கிறேன் என்று அவள் தோளைப் பிடித்து அனுப்பிவைத்தாள்.

குளியலறைக் கதவை எப்போதும்போல ஒருக்களித்து விட்டுவிட்டு மூத்தவள் குழாயைப் பாதி திறந்தாள். அப்பா விழுந்த நாளிலிருந்து அப்படித்தான் குளித்தாள். கூப்பிட்டால் கேட்க வேண்டும். வாளியின் அடியில் தண்ணீர் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. வெளியே நாற்காலிகள் இழுபட்டன. ஆண்களின் குரல்கள் கேட்டன. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினாள். அசையவில்லை. துருவேறி, அடித்த பெயிண்டோடு ஒட்டிக் கிடந்தது. குவளையின் அடியால் தட்டிப் பார்த்தாள். பிறகு சோப்பைத் தண்ணீரில் நனைத்து, விரலால் குழைத்து, அதன்மேல் தடவிவிட்டு, கட்டைவிரலை வைத்து மறுபடி தள்ளத் தொடங்கினாள்.