சுவருக்குப் பூசிய விபூதி

விபூதி டப்பா எங்கே என்று காரியம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் மூன்றாம் தடவையாகக் கேட்டபோது, கங்கா தன்னையறியாமல் சுவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கூடத்தின் நடுவில் அவள் புருஷன் வெங்கிட்டுவைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, புது வேஷ்டி சுற்றி எல்லாம் ஆயிற்று. நெற்றி மட்டும் வெறும் நெற்றி. ஆயுசு முழுக்க மூன்று பட்டை இல்லாமல் வாசல்படி இறங்காத மனுஷன்.

மகன் ரோஹன் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். "அம்மா, இது காலியாக்கும். பழனி பாக்கெட்டெல்லாம் எங்கே? ஒரு சஞ்சிப் பை நெறைய இருந்ததே?"

"தீந்து போச்சு."

"விபூதி எப்படிம்மா தீரும்?"

"பூசினா தீரும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பூசினது நெற்றியில் இல்லை, அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில் இந்த மாடி வீட்டுக்கு அவர்கள் வாடகைக்கு வந்தபோது ரோஹன் பிறக்கவே இல்லை. இப்போது அவன் வைட்டிலாவில் ஃபிளாட் வாங்கிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைக் காலி பண்ண வேண்டும். வெங்கிட்டு கையில் சுத்தியல் கிடைத்தால் வீடு தாங்காது. காலண்டருக்கு ஒரு ஆணி, அது ஆடினால் பக்கத்தில் இன்னொன்று, இனி வரப்போகிற காலண்டருக்கு முன்கூட்டியே ஒன்று. அவர் ரிப்பேர் பண்ணின எதுவும் நின்றதாகச் சரித்திரம் இல்லை. ரோஹனுக்குப் பெண் கொடுக்க வந்த சம்பந்தி, அவர் சரிபண்ணின நாற்காலியோடு தரையில் உட்கார்ந்தார்.

ஆணிகளைப் பிடுங்கின அன்று வீட்டுக்காரர் மொய்து, கீழே ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர், மேலே வந்து பார்த்தார். "சாமி, இது செவரா, சல்லடையா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். வெங்கிட்டுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சாவி தர அன்னிக்கு வந்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சுக் காட்டும் ஓய்!"

சவால் விட்டாயிற்று. ஓட்டைகளை அடைக்கப் புட்டி மாவு வாங்கப் போனால், அன்றைக்கென்று பார்த்து ஹர்த்தால், கடையெல்லாம் அடைப்பு. மறுநாள் வரை பொறுக்கிற ஆளா அவர்? பழனி விபூதியில் ஃபெவிகாலை ஊற்றிக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அபசாரம்!" என்று கங்கா தலையில் அடித்துக்கொண்டாள். "செவத்துக்கும் ஒரு நெத்தி உண்டுடீ" என்றார் அவர்.

இன்று காலை கடைசி ஓட்டையையும் அடைத்துவிட்டு, "கங்கே, காப்பி" என்று நாற்காலியில் சாய்ந்தார். கங்கா காப்பியோடு வந்தபோது உயிர் இல்லை. தன் வேலையை ரசித்துப் பார்த்தபடியே போய்விட்டிருந்தார்.

இப்போது மொய்து கண்ணெல்லாம் சிவந்து வாசலோரம் நின்றிருந்தார். கங்காவுக்கு அழக்கூட முடியவில்லை, ஒரே பதைப்பு. இந்த மனுஷன் எதிரில் விஷயம் வெளியே வந்துவிடக் கூடாது. உசிரோடு இருந்தவரைப் பார்த்துச் சிரித்தது போதும். செத்துக் கிடக்கிற அன்றைக்கும் சிரித்தால் அவளால் தாங்க முடியாது.

அந்த நேரம் பார்த்து மருமகள் ஸ்நேஹா குளியலறையிலிருந்து ஒரு மக்கோடு வந்தாள். "அம்மா, இதுல என்னவோ ஒட்டிப் பிடிச்சிருக்கு. விபூதி மணக்கறதே?"

ரோஹன் மக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "ஈஸ்வரா! அப்பா அத்தனையும் செவத்துலயா அடைச்சார்?"

யாரோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அழுகை இல்லை அது.

வாத்தியார் மட்டும் அசரவில்லை. "அதுக்கென்ன, கொஞ்சம் சொரண்டி எடுங்கோ. ஒரு நுள்ளு போரும்."

ரோஹன் ஸ்பூனோடு சுவரருகே போனான். மொய்துவும் கூடவே வந்தார். அவர் உள்ளங்கையை வைத்துச் சுவரை மெல்லத் தடவினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் திரும்பி, "மாமி, ஆணி எங்க இருந்துச்சு? எனக்கு ஒண்ணும் காணலியே" என்றார்.

பார்த்தால் கங்காவுக்கே தெரியவில்லை. காலண்டர் தொங்கின இடம் இதுதான் என்று ஒரு உத்தேசத்தில் ரோஹன் சுரண்டினான். ஸ்பூன் வளைந்தது. ஒரு பொடி உதிரவில்லை.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றார் வாத்தியார்.

"தொடாதே!"

கங்கா போட்ட சத்தத்தில் ரோஹன் ஸ்பூனைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டான். "அவர் கை வெச்சதுல இது ஒண்ணுதான் நின்னிருக்கு. இதையும் பிடுங்காதேங்கோ." சொல்லிவிட்டுத்தான் அன்று முதன்முதலாக அழுதாள், வாய்விட்டு.

மொய்து ரோஹனிடமிருந்து ஸ்பூனை வாங்கி, நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. "சாமி ஜெயிச்சாச்சு மாமி" என்றார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார் போலிருக்கிறது. குரல் உடைந்துவிட்டது.

வாத்தியார் இருமிக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"உங்ககிட்டயே இருந்ததா?" என்றாள் ஸ்நேஹா.

"இருந்தது. இன்னும் ரெண்டு ஆத்துக்குப் போகணுமேன்னு பாத்தேன்." மூன்று பட்டை, கொஞ்சம் தாராளமாகவே, நெற்றியில் ஏறியது.

மரப்படி குறுகல். திருப்பத்தில் பாடை சிக்கியது. ரோஹன் பதறினான். "செவரு, செவரு! இடிக்காம திருப்பு!" தூக்கினவர்கள் அப்படியே நின்றார்கள்.

கீழ்ப்படியில் தோள் கொடுத்திருந்த மொய்து தலையைத் தூக்கினார். "செவரு போனாப் போட்டும்டா. சாமியைப் பாத்துக் கொண்டா."

பெண்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். மூங்கில் முனை சுவரில் நீளமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. தெருவில் சத்தம் தேய்ந்த பிறகும் கங்கா மேல்படியில் நின்றாள். கோட்டிலிருந்து சுண்ணாம்பு படியில் உதிர்ந்துகொண்டிருந்தது.