தெருவைப் பார்த்த அறை

டெல்மா போனில் கேட்டது சின்ன உதவிதான். "கண் டாக்டரைப் பார்க்க பிப்ரவரியில மொந்தேவிதேயோ வர்றேன்டி ஒஃபேலியா. மூணு நாள். ஊர் நடுவுல, எங்கயும் நடந்தே போற மாதிரி ஒரு ஹோட்டல் பாரு. ஆனா சத்தம் மட்டும் ஆகாது, தலைவலி பிச்சு எடுத்துடும்."

"அதுக்கென்ன அண்ணி, நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் ஒஃபேலியா. போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினாள். பதினைந்து வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தவளிடம் எதிரி தானாக வந்து கழுத்தை நீட்டினால் ஆடாமல் என்ன செய்வாள்?

டெல்மாவின் தம்பி வில்மாரைத்தான் ஒஃபேலியா கட்டிக்கொண்டாள். தேனிலவுக்கு ஹோட்டல் பார்த்துக் கொடுத்தது இந்த நாத்தனார். "நட்ட நடு ஊர்டி, ராணி மாதிரி இருப்பே." சொந்த ஊரான தக்குவரெம்போவிலிருந்து மொந்தேவிதேயோவுக்குப் பஸ் ஏறி வந்து, கல்யாணப் பூ வாடும் முன்னே உள்ளே நுழைந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான்: "ரெண்டு மணி நேரமா, ராத்திரி முழுக்கவா?" கள்ளக் காதலர்கள் மணிக்கணக்கில் அறை எடுக்கிற இடம்! டெல்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினாள் பாவி. அடுத்த ஞாயிறு வீட்டு முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, அத்தனை சொந்தத்துக்கும் டெல்மாவே அந்த ஆள் மாதிரி நடித்துக் காட்டினாள். அன்று விழுந்த பெயர் 'ரெண்டு மணி நேர ஒஃபேலியா'. அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அது தாங்காமல்தான் புருஷனை இழுத்துக்கொண்டு தலைநகருக்கே குடி வந்தாள். இங்கே அந்தப் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

எனவே ஒஃபேலியா வெயிலில் அலைந்து ஹோட்டல் பார்த்தாள். நல்லதாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினாள். சதுக்கத்துப் பக்கத்தில் ஒன்று, கதவைச் சாத்தினால் கிணற்றுக்குள் இருப்பது மாதிரி அமைதி; வேண்டாம். பிறகு அகப்பட்டது அவள் தேடிய ரத்தினம். பெரிய சாலையிலிருந்து நான்கு தெரு தள்ளி, இஸ்லா தெ ஃப்ளோரெஸ் தெருவில், முதல் மாடி, பால்கனியோடு. மற்ற நாட்களில் பூனைகூடக் கத்தாத தெரு. ஆனால் பிப்ரவரியில் வரும் கோடைத் திருவிழாவில் ஊரிலுள்ள மேளக் கூட்டம் அத்தனையும் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அந்த ஊர்வல நாளும் டெல்மா வரும் நாளும் ஒன்றேதான்.

"அன்னைக்கு இந்த அறைக்கு அடிதடி நடக்கும்மா," என்றாள் மேசையில் இருந்த பெண். "எடுத்தவர் வேண்டாம்னுட்டார். அதிர்ஷ்டக்காரி நீங்க."

ஒஃபேலியா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு டெல்மாவின் தலைவலிதான் கண்ணெதிரே நின்றது.

"மேள ஊர்வலம் அன்னைக்குத்தானே?" என்று டெல்மா ஒருமுறை கேட்டாள்.

"அது எங்கேயோ கடற்கரைப் பக்கம் அண்ணி. நீங்க நடு ஊர்ல ராணி மாதிரி இருப்பீங்க."

அந்த நாள் வந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒஃபேலியா ஹோட்டலுக்கு எதிரே இருந்த மதுக்கடை வாசலில், கையில் பீரோடு நின்றுகொண்டாள். மேளத் தோலைச் சூடேற்ற நடுத்தெருவில் தீ மூட்டியிருந்தார்கள். முதல் கூட்டம் கிளம்பியது. அம்மாடி, அந்த அடி! கையிலிருந்த கண்ணாடி டம்ளரே நடுங்கியது. பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. இரவு உடையில், தலை நிறைய முடி சுருட்டும் சுருளிகளோடு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு டெல்மா!

"கத்துடி, நல்லாக் கத்து," என்று முணுமுணுத்தாள் ஒஃபேலியா. வயிறு குளிர்ந்தது.

கூட்டத்தின் முன்னால் ஆடி வந்த கிழவி வேஷக்காரி அண்ணாந்து பார்த்தாள். விசிறியை விரித்து, பால்கனிக்கு ஒரு கும்பிடு போட்டாள். மேளக்காரர்கள் அங்கேயே நின்று அடித்தார்கள். டெல்மாவின் கை காதிலிருந்து மெல்ல இறங்கியது. இடுப்பு ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான். சுருளிகள் குலுங்கக் குலுங்க ஆட ஆரம்பித்தாள் மகராசி! தெருவே விசிலடித்தது. நேரடி ஒளிபரப்புக்காரன் கம்பில் மைக்கைக் கட்டி மேலே நீட்டினான். மதுக்கடை டிவியில் டெல்மாவின் முகம்.

"அம்மா, இன்னைக்குப் போய் இந்தப் பால்கனி எப்படிக் கிடைச்சுது?"

"என் தம்பி பொண்டாட்டி பிடிச்சுக் குடுத்தா! ஹோட்டல் விஷயத்துல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"வேண்டாம் அண்ணி, வேண்டாம், வேண்டாம்..." ஒஃபேலியா டிவியைப் பார்த்தே கெஞ்சினாள்.

"எங்க ஊர்ல அவ பேரே 'ரெண்டு மணி நேர ஒஃபேலியா'! ஏன்னு கேளு, சொல்றேன்!"

கேட்டான். சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனின் குரலில் பேசி நடித்தே காட்டினாள். மதுக்கடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அடடே, அதோ நிக்கிறா பாருங்க, பீரும் கையுமா! அடியே ஒஃபேலியா!"

கேமரா திரும்பியது. டிவியில் ஒஃபேலியா தன் முகத்தையே பார்த்தாள். ஓட வழியில்லை. டம்ளரை உயர்த்தி, எல்லாப் பல்லையும் காட்டினாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனாள். கடைக்காரர் பல வருடம் பழகிய மனிதர், மரியாதைக்காரர். இவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா, சுடச்சுட வருது," என்றார். "ரெண்டு மணி நேரமெல்லாம் ஆகாது."