மானியத் துணி எட்டு கஜம்

முப்பது வருடம் மலாக்காவில் துணிக்கடை வைத்திருந்தவன் நான், யூனுஸ். என் மனைவியை அடக்கும்போது சுற்றக் கபன் துணி இல்லாமல் போனது என்றால், கேட்கிறவன் காறித் துப்பினாலும் தகும்.

இல்லாமல் எங்கே போனது? இருந்ததை நான்தான் விற்றேன். ஜமீலாவின் வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த வெள்ளைத் துணி, அவளுடைய பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்தது. ஜப்பான்காரன் வந்த மூன்றாம் வருடம் ஊரில் துணியும் இல்லை, அரிசியும் இல்லை. மையித்துகளைச் சாக்கில் சுற்றி அடக்கினார்கள். அவளோ கால் வீங்கிப் படுத்திருந்தாள். அந்தத் துணியை ரகசியமாக விற்று, பத்து நாள் கஞ்சிக்கு அரிசி வாங்கினேன். விஷயம் தெரியாமல் ருசித்துக் குடித்தாள்.

பெட்டியைத் திறந்து பார்த்த அன்று, "அப்ப என்னைய சாக்குலதான் சுத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம்தான் பருத்தி உத்தரவு வந்தது. பருத்தி போடுகிறவர்களுக்கு அரசாங்க மானியமாம். விளைந்ததை ஒப்படைத்தால், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டு கொஞ்சமும் வெள்ளைத் துணி எட்டு கஜமும். "அந்த எட்டு கஜமும் உனக்குத்தான்" என்று சத்தியம் செய்தேன். வியாபாரிகளைப் பதியமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, காஜா பேராங்கில் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தை அவள் பெயரில் பதிந்தேன். படுக்கையில் கிடக்கிறவள் என்று சொல்லி, தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கைநாட்டு வாங்கினேன். கடை லைசென்ஸை மச்சான் பெயரில் எடுத்துப் பழகிய புத்தி அல்லவா! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

துணி கிழிக்கத் தெரிந்த எனக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்து வீட்டு அஞ்சலை தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் சொல்லச் சொல்ல நானும் மகள் ஹஸீனாவும் கொத்தினோம். பாதிக் காய் மழையில் அழுகியது. மீதியை ஒப்படைத்தோம். புதன்கிழமை காலை மானியம், பதிந்த ஆளே நேரில் வர வேண்டும் என்றார்கள்.

"வண்டி வச்சுக் கூட்டிப் போறேன்" என்றேன்.

"துணி யாவாரி பொண்டாட்டி துணி வாங்க வண்டியில போறாளாக்கும்!" என்று ஜமீலா சிரித்தாள்.

புதன்கிழமை விடிய, சுபுஹு தொழுகை நேரத்தில் அவள் மௌத்தாகிவிட்டாள்.

ஹஸீனா அலறப் போனாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "அழாதம்மா. வெளிய தெரிஞ்சா பேரை வெட்டிருவானுங்க. உம்மா முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் போ. கேட்டா நீதான் ஜமீலான்னு சொல்லு."

இருபது வயதுப் பெண். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வாசலுக்கு வந்து, "அக்கா எந்திரிச்சாங்களாண்ணே? மரவள்ளி அவிச்சேன்" என்றாள்.

"தூங்குறாம்மா" என்றேன்.

மையித்தைக் காக்கவைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், சுடு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாசீனைக்கூட வாய்விட்டு ஓத முடியவில்லை.

நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன் ஹஸீனா துணியோடு வந்தாள். முரட்டு நெசவு. அந்தக் காலத்தில் என் கடைப் படியேறவே விட்டிருக்க மாட்டேன். இப்போது நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எட்டு கஜம் இருக்கிறதா என்று கை தானாக முழம் போட்டது. வெட்கங்கெட்ட கை.

"இனி அழலாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. முக்காட்டைக் கழற்றி உம்மாவின் தலைமாட்டில் வைத்தாள்.

"பதிவேடு எழுதுற கிராணி கேட்டாரு வாப்பா. படுக்கையில கெடக்குறதா எழுதியிருக்கே, இப்ப எப்படி இருக்குன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நல்லாயிட்டேன்னு சொன்னேன்."