மெத்தையில் வராத பூச்சி

வேலை முடிந்து அவள் கேட்டைத் திறந்தபோது, அவளுடைய மெத்தை வீட்டுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

பஞ்சு கருகும் நாற்றம் தெருமுனையிலேயே மூக்கில் ஏறியிருந்தது. யார் வீட்டிலோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துத்தான் வந்தாள். புகைக்குப் பக்கத்தில், கையில் குச்சியோடு அண்ணன். போரில் ஜெயித்த தளபதி தோரணை.

"பூச்சி மொத்தமும் உன் மெத்தையிலதான். இனிமே எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம்" என்றான்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது.

புருஷனை விட்டு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் அந்த மெத்தையும்தான். இரண்டும் சொந்தச் சம்பளத்தில் வாங்கியவை. செல்போன் ரிப்பேர் கடையில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற கை அவளுடையது. அந்தக் கையின் சுண்டுவிரலைத்தான் புருஷன் ஒருநாள் முறுக்கினான். இன்றைக்கும் அது முழுசாக மடங்காது. அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டாள்.

அவள் வந்த கொஞ்ச நாளில் பூச்சிக்கடி ஆரம்பித்தது. அண்ணியின் கை முழுக்கச் சிவப்புத் தடிப்பு. அண்ணன் மகள் குட்டிக்குக் கழுத்தில் சொறிந்து சொறிந்து புண். பூச்சிமருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்று அண்ணி சொன்னதற்கு, தனக்குத் தெரியாத வேலையா என்று அண்ணன் மடக்கிவிட்டான். ஒழுகும் குழாய் முதல் எரியாத பல்பு வரை அந்த வீட்டில் எதையும் அவனேதான் சரிசெய்வான், அல்லது சரிசெய்ததாகச் சொல்வான். மருந்தை வாங்கி வந்து தங்கையின் அலமாரியில் மட்டும் அடித்தான். அவளுடைய துணிமணி எல்லாம் ஒரு வாரம் மண்ணெண்ணெய் வீச்சம் வீசியது. முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, தங்கச்சி வந்தாள், கூடவே பூச்சியும் வந்தது என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னதாகவும் அவள் காதுக்கு வந்தது.

"அந்த மெத்தையில படுத்தது நான். என் உடம்புல ஒரு கடிகூட இல்லையே" என்றாள்.

"உன்னைக் கடிச்சுப் பார்த்துட்டு வேணாம்னு விட்டிருக்கும்." அண்ணன் குச்சியால் சாம்பலைக் கிளறினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சேர்த்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றார். போன்ல பேசிட்டேன். நடந்ததை மறந்துட்டுக் கிளம்பு. புள்ளை உடம்பெல்லாம் புண்ணா இருக்கு, நான் என்ன பண்றது?"

ஆக, விஷயம் இதுதான். மெத்தைக்கு வைத்த தீ வெறும் முன்னுரை.

அழுகை வரவில்லை. வந்தது கோபம். அதை அடக்கிக்கொண்டாள். கத்தினால் அவனுக்கு வசதியாகிவிடும். குணம் கெட்டவள், அதனால்தான் வாழாமல் வந்தாள் என்பான். பூச்சியைச் சாக்காக வைத்துத் துரத்துகிறானா? சரி, பூச்சியிடமே போவோம்.

மறுநாள் கடையிலிருந்து அகலமான ஒட்டு டேப் எடுத்து வந்தாள். பசைப் பக்கம் மேலே இருக்கும்படி துண்டு துண்டாக வைத்தாள். தன் அறை வாசலில் ஒன்று, சோபா காலடியில் ஒன்று, அண்ணனும் அண்ணியும் குட்டியோடு படுக்கும் கட்டிலுக்கு மேலே ஜன்னல் விளிம்பில் ஒன்று. அண்ணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த இடங்களைத் துடைக்காமல் மட்டும் விட்டுவைத்தாள்.

சனிக்கிழமை கடையில், போன் சர்க்யூட் பலகைகளைப் பார்க்கிற பெரிய லென்ஸுக்கு அடியில் அந்தத் துண்டுகளை வைத்தாள். அவளுடைய வாசலில் தூசி. சோபாவில் தூசி, ஒரு முடி. ஜன்னல் துண்டில் மிளகுத்தூள் சிந்தியது போலப் புள்ளிகள். புள்ளிகளுக்குக் கால் இருந்தது. சிலவற்றின் வயிறு சிவந்து உப்பியிருந்தது.

குட்டியின் ரத்தம் என்று நினைத்தபடி, அந்தத் துண்டைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

ஞாயிறு காலை, கைக்கு உறையும் மூக்குக்குத் துணியும் கட்டிக்கொண்டு நேராக அண்ணன் அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி. அதற்கும் சுவருக்கும் நடுவில் புறாக்கள் குடியிருந்தன. அவள் வந்த சமயத்தில் அவற்றை விரட்டிவிட்டு, மறுபடி வராதபடி அந்த இடைவெளியை அட்டை வைத்து ஒட்டி மூடியது அண்ணன்தான். அந்த வீரக்கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருந்தான். அவள் பிளேடால் அட்டையைக் கிழித்தாள்.

உள்ளே கூடு அப்படியே இருந்தது. சுள்ளி, இறகு, காய்ந்த எச்சம். அதன் மேல் சாம்பல் நிறப் பொடி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. புறாவை விரட்டியவன், எட்டிக் குனியப் பயந்து கூட்டை விட்டுவிட்டான். குடிக்கப் புறா ரத்தம் இல்லாமல் போனதும், அந்தப் பொடி உண்ணிகள் ஏசி குழாய் நுழையும் ஓட்டை வழியாகக் கட்டிலுக்கு இறங்கியிருந்தன.

"இதை நானா கொண்டுவந்தேன்?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கைத் தடிப்பை மெதுவாகத் தடவினாள்.

அதே நேரம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை அலறியது. ஆள் இறங்கவில்லை. வா, ஏறு என்கிற ஹாரன்.

"சரி, நான் கவனிக்கல. எடுத்துடறேன்" என்றான் அண்ணன். குரல் தாழ்ந்தது. "ஆனா அவர் வந்துட்டாரே. நானே கூப்பிட்டுட்டு, நானே திருப்பி அனுப்பினா என் மரியாதை என்ன ஆகும்? நீ கிளம்பிடு."

அடக்கி வைத்தது இப்போது வெளியே வந்தது. கத்தலாக இல்லை.

"அப்ப உனக்குத் தொந்தரவு பூச்சி இல்ல. நான்."

அதற்குப் பதில் சொன்னது அண்ணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் குரல் அப்படி ஒலித்ததே இல்லை.

"நீங்க அட்டை ஒட்டினதுக்கு என் புள்ளை கழுத்து புண்ணாச்சு. இப்ப உங்க மரியாதைக்கு இவ மிச்ச விரலையும் குடுக்கணுமாங்க? கூப்பிட்டது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அண்ணி படுக்கை விரிப்புகளை வாரிச் சுருட்டிக்கொண்டு, வெந்நீரில் ஊறப்போட நடந்தாள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு வாசலுக்குப் போனான்.

ஜன்னல் வழியே தெரிந்தது. ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று குழைந்துகொண்டிருந்தான்.

அவள் மூக்குத்துணியை இறக்கினாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணா. வரமாட்டேன்னு சொல்லு. அடுத்த வாரமும் இல்ல, எப்பவும் இல்ல."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்கூட்டர்காரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவன் அண்ணனைப் பார்த்து ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அவள் திரும்பி, கூட்டைச் சிந்தாமல் பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி வாயை இறுக்கிக் கட்டினாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஜன்னல் விளிம்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பெயிண்ட் உரிகிற அளவுக்குத் தேய்த்தும் கை ஓயவில்லை.

அண்ணன் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை. அவளும் கூப்பிடவில்லை.