ஒட்டாத வரி

புஷ்பவல்லி இறந்த நாலாம் மாதம், அவளுடைய இரங்கற்பா வேறொருத்தி பெயரில் இராமலிங்கத்தின் மேசைக்கு வந்தது. ரயில்வே அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பாலன் கிள்ளானில் ஒரு கருமாதிக்குப் போய்விட்டு, அங்கே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த கறுப்புக் கரைத் தாளைக் கொண்டுவந்திருந்தான்.

"படிச்சுப் பாரு. உன்னோடதுதானே?"

எட்டு வரியில் ஏழு இராமலிங்கம் எழுதியவை. பெயர் மட்டும் இராஜம்மா. அடியில், கணவன் கன்னையா, மாட்டுவண்டி, கிள்ளான் என்றிருந்தது.

மனைவி புஷ்பவல்லி செத்த அன்று இராமலிங்கம் அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. பி.ஏ. படித்தவனுக்குக் கல்நெஞ்சு என்று மாமனார் வீட்டார் பேசியது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. இந்த எட்டு வரியை எழுதி அச்சிட்டதுதான் அவளுக்காக அவன் செய்த ஒரே காரியம். அதிலும் ஒருவன் கை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினான். திருடியதை அந்த ஆள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பது, பத்திரிகையில் பெயரோடு போடச் செய்வது என்று முடிவு.

கன்னையா பாசார்க் கடைகளுக்குப் பின்னால் குடியிருந்தான். நாற்பது வயதிருக்கும். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துவிட்டு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டான். இராமலிங்கம் உட்காரவில்லை. தாளை நீட்டி, இது தன் மனைவிக்குத் தான் எழுதியது என்றான். குரல் உயரவில்லை.

கன்னையா மறுக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. இராமலிங்கம் அச்சடித்த அதே பிரிக்பீல்ட்ஸ் அச்சாபீசில் நடந்ததைச் சொன்னான். எழுதித் தர ஆளில்லை என்றதும், அச்சுக் கோப்பவர் தட்டிலிருந்த ஒன்றைக் காட்டினாராம். நல்ல பாட்டு, கோத்தது கலைக்காமல் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும் என்றாராம். படித்துக் காட்டச் சொன்னானாம். கேட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதானாம்.

"ஒரு வரிய மட்டும் எடுக்கச் சொன்னேங்க, கோவிச்சுக்காதீங்க. மத்த ஏழும் எங்க வீட்டுக்காரிக்கும் சரியா இருந்துச்சு. அது ஒண்ணுதான் ஒட்டல."

இராமலிங்கம் தாளை மறுபடி பார்த்தான். அணைந்த விளக்கு, பாதியில் உதிர்ந்த மலர், கூட்டை விட்டுப் பறந்த கிளி. எல்லாம் அவன் போன கருமாதிகளில் வாங்கி மடித்து வைத்த தாள்களில் இருந்தவை. இரண்டு வரி, கல்லூரியில் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பாட்டைத் தமிழாக்கியது. எழுதும்போது தன்னுடையவையாகத்தான் இருந்தன. இந்த ஆள் எடுத்துக்கொண்ட எதுவும் இராமலிங்கத்துடையதில்லை. இராமலிங்கம் சொந்தமாக எழுதிய ஒரே வரியை மட்டும் வேண்டாமென்று விட்டிருக்கிறான்.

அந்த இடத்தில் வேறு வரி இருந்தது: மழைக்கு முன்னே மாட்டைக் கட்டி, கொடியில் என் சட்டையை மறந்தவளே.

இது யார் சொன்னது என்று கேட்டான்.

"நான்தாங்க. அவ எப்பவும் அப்படித்தான். மாடு நனையக்கூடாது, நான் ஈரச் சட்டையோட போலாம்." கன்னையா சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மாட்டின் முதுகைத் தேய்த்தான். பிறகு அவனே கேட்டான்:

"உங்க வரியில, உங்க வீட்டம்மா கூட்ஸ் வண்டிப் பெட்டிய எண்ணுவாங்கன்னு இருந்துச்சு. எங்க ஆளு ரயில் பக்கமே போனதில்ல, அதான் எடுத்தேன். எதுக்குங்க எண்ணுவாங்க?"

ரயில்வே குடியிருப்பின் பின்வாசலில் நின்று, புஷ்பவல்லி விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். இரண்டு வருஷம் பார்த்தான். காப்பி ஆறுகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறான்.

"கேட்டதில்லை."

"கேட்டிருக்கலாமுல்ல," என்றான் கன்னையா. குத்திக்காட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை.

இராமலிங்கம் முக்காலியில் உட்கார்ந்தான். பத்திரிகைப் பேச்சை அவன் எடுக்கவில்லை.