பட்டன் இல்லாத ஃபோன்

ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் கிருபானந்தத்துக்குப் பத்தொன்பது வருஷமாகத் தரம் பிரிக்கிற வேலை. மேலே பூசியிருக்கும் சாயத்தை அவர் நம்பவே மாட்டார். தோலை மடக்கிப் பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார், புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவுவார். உண்ணி கடித்த தழும்பு எங்காவது ஒளிந்திருந்தால் அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கும். கம்பெனிக்கு அந்தக் கண் நல்லதுதான். மனுஷன் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்ததுதான் தப்பு. மனைவி ஞானசுந்தரி, வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் பிந்தி வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பார்.

2009இல் மகள் ஜெனிஃபாவுக்கு வேலூரில் நர்சிங் இடம் கிடைத்தது. ஹாஸ்டலுக்கு ஒரு ஃபோன் வேண்டும். கடைக்காரர் அப்துல் வஹாப் இரண்டை எடுத்து வைத்தார். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் ஏ முதல் இசட் வரைக்கும் குட்டிக்குட்டியாகப் பட்டன்கள். மற்றதில் வெறும் கண்ணாடி, கீழே ஒரே ஒரு பட்டன்.

"இதுப்பா," என்று ஜெனிஃபா பட்டன் ஃபோனைத் தொட்டாள். "வேகமா டைப் பண்ணலாம்."

வேகமாக யாருக்கு? கிருபானந்தம் மகள் முகத்தைப் பார்த்தார். கூட வேலை பார்க்கும் ஒருவரின் மகள் மெசேஜ் அனுப்பி அனுப்பியே ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டாள். கிருபானந்தத்துக்கு இருப்பது ஒரே பெண், அவளும் கையை விட்டுப் போய்விட்டால்?

அவர் கண்ணாடி ஃபோனை எடுத்து விரலால் அழுத்தினார். அது அணைந்து கிடந்ததால் ஒன்றும் வரவில்லை.

"இதுல எழுத்தே இல்லியே. எழுதறதுன்னா எப்டி?"

"எழுதறதுக்கு அந்தப் பட்டன் ஃபோன்தான் பெஸ்ட் சார். இது பேசறதுக்கு, பாட்டு கேக்கறதுக்கு," என்றார் வஹாப். கண்ணாடி ஃபோன் நாலு மாசமாகப் போணியாகாமல் கிடந்தது, அவர் ஏன் விளக்கம் சொல்லப்போகிறார்?

"அப்போ இதையே குடுங்க."

ஜெனிஃபா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இதுவும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எழுத்தே இல்லாத ஃபோனை மகளுக்கு வாங்கிக் கொடுத்த மகராசன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மூன்று மாசம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகள் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'அப்பா, நாளைக்கு வாங்க. நேர்ல பேசணும். கால் பண்ணாதீங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க. வர்றேன்னு மட்டும் அனுப்புங்க.'

கிருபானந்தம் நாலு தரம் படித்தார். பட்டனே இல்லாத ஃபோனிலிருந்து இத்தனை எழுத்தா? எவனோ ஒருவன் அவள் சிம்மைத் தன் ஃபோனில் போட்டு எழுதுகிறான். கால் பண்ணக்கூடாதாம், அம்மாவுக்கும் தெரியக்கூடாதாம். பதில் போட்டால் பயல் உஷாராகிவிடுவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அவர் பதில் போடவில்லை.

காலையில் கம்பெனியில் அவசர லோடு என்று ஞானசுந்தரியிடம் புளுகிவிட்டு, சர்ச்சுக்கும் போகாமல் வேலூர் பஸ் ஏறினார். ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே ஒரு பையன் பைக்கில் சாய்ந்தபடி பட்டன் ஃபோனில் இரண்டு கட்டை விரலாலும் தட்டிக்கொண்டிருந்தான். இவர் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அங்கிள்?"

"இங்க இன்னா வேலை உனக்கு?"

"எங்க அக்கா கௌசர் இங்க படிக்குது. சாப்பாடு குடுக்க வந்தேன்," என்று டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினான். அதைத் திறந்து காட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார், சந்தேகம் அவ்வளவு முற்றிப் போயிருந்தது.

வாட்ச்மேன் சொல்லி அனுப்ப, ஜெனிஃபா ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை என் பேஷண்ட் போய்ட்டாங்கப்பா. நாலு நாளா நான்தான் கஞ்சி குடுத்தேன். என் கையப் புடிச்சிட்டே போய்ட்டாங்க. அதுலேர்ந்து வார்டுக்குள்ள கால் வெக்க முடியல. அம்மாகிட்ட சொன்னா படிப்பே வேணாம்னுடுவாங்க. கால்ல பேசினா எனக்கு அழுகதான் வரும். அதான் எழுதினேன்."

இதற்கு ஒரு அப்பன் என்ன சொல்ல வேண்டும்? கிருபானந்தம் கேட்டார்:

"இதுலயா எழுதின?"

அவள் புரியாமல் ஃபோனைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடிக்குள் ஏ முதல் இசட் வரைக்கும் எழுத்துகள் வந்து நின்றன.

"ஏம்பா பதிலே போடல? ராத்திரி முழுக்க ஃபோனையே பாத்துட்டிருந்தேன். நானில்ல, எவனோ பையன் எழுதறான்னு நெனச்சிட்டீங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டாள், அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தும் வைத்தாள்.

பொய் சொல்லியிருக்கலாம், காலையில்தான் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மகள் முகத்துக்கு நேரே வரவில்லை.

"ஆமாம்மா."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அவமானத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

"சாப்ட்டீங்களாப்பா?" என்றாள்.

"ம்."

"இனிமே எதுன்னாலும் கால் பண்ணியே சொல்லிடறேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அழாமல் சொல்ல முடிகிறதை மட்டும்தான் இனி தன்னிடம் சொல்வாள் என்பது கிருபானந்தத்துக்குப் புரிந்துவிட்டது.